சமன்பாட்டுக்கு முன்னால் நிற்கும் கணக்குகள்

இயற்கணிதம் மட்டும் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால், பெரும்பாலான பக்கங்களில் பிழை இயற்கணிதத்தில் இருப்பதில்லை. எழுத்தை ஒரு பக்கமும் எண்ணை மறுபக்கமும் ஒதுக்குவது வரைக்கும் அழகாகச் செய்திருப்பார்கள். அதற்கு அடுத்த வரியில், மூன்றாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ முடிந்துபோனதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கழித்தலில், ஒரு பின்னத்தில், ஒரு குறை எண்ணில் கால் இடறியிருக்கும். விடை தவறு என்பதால் சிவப்பு மையில் விழும் பெருக்கல் குறி முழுக் கணக்கையும் சேர்த்தே அடித்துவிடுகிறது. பிள்ளையோ, தனக்குச் சமன்பாடு வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். பாடநூலில் எக்ஸ் என்று இருக்கும் இடத்தில் நான் இந்தக் கட்டுரை முழுவதும் ‘ம’ என்று எழுதுகிறேன். மாறிக்கு எந்த எழுத்தை வைத்தாலும் கணக்கு ஒன்றுதான். 5ம + 18 = 3 என்ற கணக்குக்கு ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 5ம = 3 − 18 என்று எழுதி, அடுத்த வரியில் 5ம = 15 என்றும், அதற்கடுத்து ம = 3 என்றும் முடித்திருந்தாள். முதல் வரி முற்றிலும் சரி. கடைசியில் 5-ஆல் வகுத்ததும் சரி. நடுவில், 3-இலிருந்து 18-ஐ எடுக்க முடியாது என்று அவளுடைய கை பழகியிருந்ததால், பெரியதிலிருந்து சிறியதை எடுத்து 15 என்று எழுதிவிட்டது. விடை −3. இவளுக்கு நூறு சமன்பாடுகள் கொடுத்தாலும் இந்தப் பிழை திருந்தாது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஆழமாகத்தான் பதியும்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்லள். 2021-இல் தமிழ்நாட்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற அரசுத் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்து, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் கணக்கு சொல்லித்தந்தவள். அந்த வேலை முடிந்த பிறகும் தெருப் பிள்ளைகள் வந்துகொண்டிருப்பதால் திண்ணை இன்னும் காலியாகவில்லை. ஊரடங்கால் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்பைத் தாண்டி வந்த பிள்ளைகள்தான் முதலில் என்னிடம் வந்தவர்கள். எந்த வகுப்புக் கணக்கு அவர்களுக்கு நழுவிப்போனது என்பதைக் கண்டுபிடிப்பதே தனி வேலையாக இருந்தது. அந்த வேலைதான் எனக்குக் கணக்குப் பயிற்சி என்றால் என்ன என்பதைப் பற்றி ஏதோ கொஞ்சம் கற்றுத்தந்தது.

முதலில் தெரிந்துகொண்டது, பிள்ளைகள் கவனக்குறைவால் தப்பு செய்வது நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பதுதான். 52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொன்னால் 26 என்று எழுதும் பையன், 71-இலிருந்து 45-ஐக் கழிக்கச் சொன்னால் 34 என்று எழுதுவான். இரண்டிலும் ஒரே விதியைத்தான் கையாள்கிறான்: ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தை எடு. எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. பக்கத்து வீட்டில் கடன் வாங்க வேண்டும் என்று அவனுக்கு யாரோ ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். ஏன் வாங்க வேண்டும், வாங்கினால் பத்து எப்படி வருகிறது என்பது மனதில் தங்கவில்லை. மறந்துபோன விதியின் இடத்தில் அவனாகவே ஒரு விதியை வைத்துக்கொண்டான். ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-இல் இத்தகைய கழித்தல் பிழைகளை ஆராய்ந்து, மாணவர்களின் தவறுகள் தாறுமாறானவை அல்ல, ஒரு கணினி நிரலில் இருக்கும் வழுவைப் போல ஒழுங்கானவை என்று காட்டினார்கள். பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த கணக்குக்கு அந்தப் பிள்ளை என்ன தவறான விடை எழுதும் என்பதைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம். இதைச் சோதித்துப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி ஜோசியக்காரர்களுக்குக்கூடக் கிடைத்திருக்காது.

கழித்தல் திருந்தாமல் சமன்பாட்டுக்குப் போவதில் பொருள் இல்லை. 52 என்பதை 40-ம் 12-ம் ஆகப் பிரித்து எழுதிவிட்டு, 40-இல் 30, 12-இல் 8 என்று எடுக்கச் சொல்வேன். கடன் என்ற பேச்சே வேண்டாம். சில நாட்கள் இப்படி விரித்து எழுதிய பிறகு பிள்ளையின் கை தானாகச் சுருக்க வழிக்குத் திரும்பிவிடுகிறது. அப்போது அதற்கு அர்த்தம் இருக்கிறது.

வாய்ப்பாடு பற்றி ஒரு சண்டை ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. மனப்பாடம் கூடாது என்பவர்கள் ஒரு பக்கம். இருபது வரை ஒப்பிக்காதவன் உருப்படமாட்டான் என்பவர்கள் மறுபக்கம். நான் பெருமளவு இரண்டாவது பக்கத்தில்தான் நிற்கிறேன். ஆனால் ஒப்பிப்பதும் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல என்பதைப் பார்த்திருக்கிறேன். எட்டேழு எவ்வளவு என்று கேட்டால், “ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு” என்று படிக்கட்டின் அடியிலிருந்து ஏறத் தொடங்கும் பிள்ளைகள் பாதிக்குமேல். ஏறி முடிப்பதற்குள் எந்தக் கணக்குக்காக ஏறினோம் என்பது மறந்துவிடுகிறது. மனம் ஒரே நேரத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஏழாம் வாய்ப்பாடே உட்கார்ந்துகொண்டால் சமன்பாட்டுக்கு இடம் இருக்காது. ஆகவே நான் வரிசையைக் கலைத்துக் கேட்பேன். அதைவிட முக்கியமாக, திருப்பிக் கேட்பேன். 56 எந்த எந்த எண்களின் பெருக்கல்? 72? 48-க்கு எத்தனை வழிகள்? இந்தத் திருப்பிக் கேட்கும் பழக்கம்தான் பின்னத்தைச் சுருக்கும்போதும், மீப்பெரு பொதுக் காரணி காணும்போதும், எட்டாம் வகுப்பில் காரணிப்படுத்தும்போதும் கைகொடுக்கிறது. வாய்ப்பாட்டை ஒரு திசையில் மட்டும் படித்த பிள்ளைக்கு 7ம = 56 என்பது புதிய கணக்கு. இரண்டு திசையிலும் பழகிய பிள்ளைக்கு அது நேற்றுக் கேட்ட கேள்விதான்.

பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்று ஒன்று இருந்தது. இன்றைய வாய்ப்பாட்டுப் புத்தகத்தின் மூதாதை அது. ஆனால் இன்றைய புத்தகத்தில் இல்லாத ஒன்று அதில் உண்டு. முழு எண்களோடு நில்லாமல் பின்னங்களுக்கும் அதில் பெருக்கல் வாய்ப்பாடு இருந்தது. கீழ்வாயிலக்கம் என்று அழைக்கப்பட்ட அந்த வரிசை 1/320 ஆகிய முந்திரியில் தொடங்கும். இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, அதாவது 1/160. இரண்டு அரைக்காணி ஒரு காணி, 1/80. இரண்டு காணி ஓர் அரைமா, 1/40. இரண்டு அரைமா ஒரு மா, 1/20. ஐந்து மா சேர்ந்தால் கால். நிலம் அளக்கவும் நெல் அளக்கவும் வேண்டியிருந்ததால் சிறுவர்கள் இதை வாயால் சொல்லியும் மணலில் எழுதியும் மனதில் ஏற்றினார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை; சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமும் இருக்கவில்லை. ஆயினும் பின்னம் என்பது தினமும் பயில வேண்டிய ஒன்று, ஒரு பாடத்தில் வந்து மறைவது அன்று என்ற தெளிவு அந்தப் பாடமுறையில் இருந்தது. நாம் இழந்தது அந்தத் தெளிவைத்தான்.

அந்த வரிசையின் மிச்சம் இன்றும் பிள்ளைகளின் நாக்கில் இருக்கிறது. அரைக் கிலோவும் கால் கிலோவும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். நான்காம் வகுப்புக் குழந்தை யோசிக்காமல் முக்கால் கிலோ என்று சொல்லும். அதே குழந்தையிடம் நோட்டில் 1/2 + 1/4 என்று எழுதிக் கொடுத்தால், மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டி 2/6 என்று எழுதும். 2/6 என்றால் மூன்றில் ஒன்று. அரையோடு இன்னொன்றைக் கூட்டிய பிறகு அரையைவிடக் குறைந்துவிட்டது! நோட்டுக்கும் கடைக்கும் நடுவில் கதவே இல்லாமல் சுவர் எழுப்பிவிட்டோம். என் வகுப்பில் பின்னக் கணக்கு எதுவானாலும் முதலில் விடை அரைக்கு மேலா கீழா, ஒன்றுக்கு மேலா கீழா என்று வாயால் சொன்ன பிறகுதான் பென்சிலைத் தொட வேண்டும். பின்னக் கணக்கில் நான் வைத்திருக்கும் ஒரே கட்டாயம் இதுதான்.

ஆனால் அரை, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று) என்ற நாக்குப் பழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 320 என்ற எண் இரண்டுகளையும் ஒரே ஓர் ஐந்தையும் பெருக்கக் கிடைப்பது. அதில் மூன்றுக்கோ ஏழுக்கோ இடமில்லை. எனவே மூன்றில் ஒன்றுக்கு அந்த வரிசையில் தனிப்பெயர் கிடையாது. இன்றும் கடையில் யாரும் மூன்றில் ஒரு பங்கு கிலோ கேட்பதில்லை. பிள்ளைகள் 1/2 + 1/4-இல் கடையை நினைவூட்டினால் உடனே திருந்திவிடுவதும், 1/2 + 1/3-இல் மறுபடி 2/5 என்று எழுதுவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே நாக்கு உதவாது. ஒரு நீளமான காகிதத் துண்டை ஆறாக மடித்து, பாதி என்பது மூன்று மடிப்பு, மூன்றில் ஒன்று என்பது இரண்டு மடிப்பு, சேர்ந்தால் ஆறில் ஐந்து மடிப்பு என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். ஏன் ஆறாக மடிக்க வேண்டும், நான்காக மடித்தால் ஆகாதா என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்காகக் காத்திருப்பது நல்லது; மீச்சிறு பொது மடங்கு எதற்காகப் பிறந்தது என்பதற்கு அதைவிட நல்ல வாசல் இல்லை.

பின்னத்தில் இவ்வளவு நேரம் செலவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. ராபர்ட் சீக்லரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து திரட்டப்பட்ட மாணவர் தரவுகளை எடுத்துக்கொண்டது. பத்து வயதையொட்டி பின்னமும் வகுத்தலும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தெரிந்திருந்தன என்பது, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளை இயற்கணிதத்தில் எப்படி இருக்கும் என்பதை முன்னறிவித்தது. குடும்ப வருமானத்தையும் பொது அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. முழு எண்களின் கூட்டல் கழித்தல் திறமைக்குக்கூட அவ்வளவு முன்னறிவிக்கும் வலு இல்லை. திண்ணையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தும் எவருக்கும் இது வியப்பாக இருக்காது. 2ம/3 = 8 என்ற சமன்பாட்டில் 8-ஐ 2/3-ஆல் பெருக்கி 16/3 என்று எழுதும் பிள்ளைக்குத் தடை சமன்பாடா? மூன்றில் இரண்டு பங்கு 8 என்றால் ஒரு பங்கு 4, மூன்று பங்கும் சேர்ந்தால் 12 என்று பார்க்கத் தெரியாததுதான் தடை.

நம் சமச்சீர் ஆறாம் வகுப்பு நூலில் இயற்கணித அறிமுகம் முதல் பருவத்திலேயே வந்துவிடுகிறது. பின்னங்களும் முழுக்களும் (குறை எண்களையும் சேர்த்த முழு எண்கள்) மூன்றாம் பருவத்தில்தான் வருகின்றன. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. குச்சிகளை அடுக்கி, ஒரு வடிவத்துக்கு எத்தனை, பத்து வடிவத்துக்கு எத்தனை, எத்தனையோ வடிவத்துக்கு எத்தனை என்று கேட்பதற்குப் பின்னம் தேவையில்லை. சிக்கல் தொடங்குவது ஏழாம் வகுப்பில். அப்போது சமன்பாடு ஓடத் தொடங்கிவிடும். மூன்றாம் பருவத்தில் அவசர அவசரமாக முடிக்கப்பட்ட பின்னமும் முழுக்களும் இன்னும் நடக்கக்கூடக் கற்றிருக்காது.

முழுக்கள் என்றதும் அந்தப் புகழ்பெற்ற மந்திரம் நினைவுக்கு வருகிறது: “மைனஸும் மைனஸும் பிளஸ்.” இதைப் பெருக்கலுக்காகத்தான் யாரோ சொல்லித்தந்திருப்பார்கள். நடுவிலிருந்த ‘இன்டூ’ வழியில் எங்கோ உதிர்ந்துவிட, −3 − 5 என்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் +8 என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டு மைனஸ் தெரிகிறதே! 628-ஆம் ஆண்டில் தன் நூலை எழுதிய இந்தியக் கணிதர் பிரம்மகுப்தர், மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை வகுத்தார். மூன்று ரூபாய் கடன் இருக்கும்போது இன்னும் ஐந்து ரூபாய் கடன் வாங்கினால் எட்டு ரூபாய் கடன் என்பதைச் சொல்ல எந்த மந்திரமும் வேண்டாம். மகளிர் குழுவில் தவணை கட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. −3 − 5 என்ற கோலத்தை அந்தக் கடனோடு இணைத்துவிட்டால் போதும்.

கடன் உவமை பெருக்கலில் கொஞ்சம் நொண்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன என்று ஒரு பையன் கேட்டபோது, நான் கதை எதுவும் கட்டவில்லை. எண் வரிசையை எழுதினேன். 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0. ஒவ்வொரு படிக்கும் விடை இரண்டு கூடிக்கொண்டே வருகிறது. அடுத்து (−1) × (−2) என்னவாக இருந்தால் இந்த ஒழுங்கு கெடாமல் இருக்கும்? அவனே 2 என்றான். “அப்ப ரூல்ஸ் எல்லாம் இதுலேருந்துதான் வந்துச்சாக்கா?” என்று கேட்டான். ஏறக்குறைய அப்படித்தான்.

சமக்குறி பற்றிச் சொல்லாமல் சமன்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. 8 + 4 = □ + 5 என்று எழுதி, பெட்டிக்குள் என்ன வரும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 12 என்று சொல்வதற்கு வாய்ப்பு அதிகம். சில பிள்ளைகள் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். விடை 7. அமெரிக்கப் பள்ளிகளில் இதே கணக்கைக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்களும் இதே 12-ஐயும் 17-ஐயும்தான் திரும்பத் திரும்பக் கண்டார்கள். இது நம் பிள்ளைகளின் தனிக் குறை அன்று. ஐந்து ஆண்டுகளாகச் சமக்குறிக்கு இடப்பக்கம் கேள்வியும் வலப்பக்கம் விடையுமாகவே பார்த்த கண்ணுக்கு, அந்தக் குறி “இப்போது விடையை எழுது” என்ற கட்டளையாகத்தான் தெரியும். ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது, இணையான இரண்டு கோடுகளைவிட ஒன்றுக்கொன்று சமமானவை வேறில்லை என்று காரணம் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற அந்தப் பொருள் மனதில் இல்லாத பிள்ளை, 5 + 3 = 8 × 2 = 16 − 4 = 12 என்று ஒரே வரியில் ரயில் பெட்டிபோல் கோத்துக்கொண்டு போகும். 5 + 3 என்பது 12-க்குச் சமம் என்று தான் எழுதியிருப்பது அதற்குத் தெரியாது.

இதனால்தான் “பக்கம் மாறினால் குறி மாறும்” என்ற வாசகத்தைத் தொடக்கத்தில் என் வகுப்பில் அனுமதிப்பதில்லை. பொய்யான வாசகம் அன்று. ஆனால் காரணத்தை மறைத்துவிட்டு விளைவை மட்டும் சொல்கிறது. காரணம் தெரியாத பிள்ளை, 3ம = 12 என்பதில் மூன்றைப் பக்கம் மாற்றிக் குறியையும் மாற்றி ம = 12 − 3 என்று எழுதும்; அல்லது ம = 12/(−3) என்று எழுதும். இரண்டையும் பார்த்திருக்கிறேன். அதனால் முதல் சில வாரங்களுக்கு, 4ம + 7 = 31 என்றால் அடுத்த வரியில் 4ம + 7 − 7 = 31 − 7 என்று இரண்டு பக்கமும் 7-ஐக் கழித்து முழுதாக எழுதியாக வேண்டும்; அதற்கடுத்து 4ம = 24; பிறகு இரண்டு பக்கமும் 4-ஆல் வகுக்க வேண்டும். “கையெல்லாம் வலிக்குதுக்கா” என்ற புகார் வரும். சுருக்கி எழுதலாமா என்று அவர்களாகவே கேட்கும் நாள் வரும். ஏன் சுருக்கலாம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு அனுமதி உண்டு.

கடைசியில் ம = 6 என்று வந்ததும் வேலை முடியவில்லை. 4 × 6 + 7 என்று திரும்பப் போட்டு 31 வருகிறதா என்று பார்ப்பதை நான் கணக்கின் கடைசி வரியாகவே வைத்திருக்கிறேன். பள்ளிக் கணக்குகளில் விடையைத் தானே சோதித்துக்கொள்ளும் வசதி சமன்பாட்டுக்குக் கிடைத்திருப்பது போல மற்றவற்றுக்கு அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. அதைப் பயன்படுத்தாமல் பின்பக்க விடைத்தாளைப் புரட்டுவது எனக்குப் புரிவதே இல்லை. 5ம + 18 = 3-க்கு ம = 3 என்று எழுதிய அந்தச் சிறுமி அன்றைக்கே 15 + 18 என்று போட்டுப் பார்த்திருந்தால், யாருடைய சிவப்பு மையும் இல்லாமல் தன் பிழை எந்த வரியில் என்று தேடத் தொடங்கியிருப்பாள்.

எழுத்தைப் பார்த்து மிரளும் பிள்ளைகளுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ண ஒரு வழி செய்யுளாகச் சொல்லப்பட்டிருக்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளையின் எண்ணிக்கை வரும். பழத்துக்கு இது தெரியுமா என்பது வேறு விஷயம். நான் அறுத்துப் பார்த்துச் சான்றளிக்கப்போவதில்லை. ஆனால் இது ஒரு சூத்திரம். எழுத்தே இல்லாமல் செய்யுளில் எழுதப்பட்ட இயற்கணிதம். முள் 50 என்றால் சுளை 60. முள் 35 என்றால் 42. இரண்டு மூன்று பழங்களுக்குக் கணக்குப் போட்ட பிறகு, முள் ம என்றால் சுளை 6ம/5 என்று எழுதுவதில் எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை. சுருக்கி எழுதுகிறோம், அவ்வளவுதான். பிறகு திருப்பிக் கேட்பேன்: சுளை 120 இருந்ததாம், முள் எத்தனை? ஐந்தால் பெருக்கி ஆறால் வகுத்து 100 என்று வந்துவிடும். வகுப்பில் யாருக்கும் தாங்கள் சமன்பாடு தீர்த்தது தெரியாது. “முள்ளை எண்ணி முடிக்கிறதுக்குள்ள பழம் அழுகிடும்க்கா” என்று சொன்னவனுக்கு அன்று கூடுதலாக இரண்டு கணக்குகள் கொடுத்தேன்.

எத்தனை கணக்குகள் போட வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். எண்ணிக்கையைவிட வரிசை முக்கியம் என்பது என் அனுபவம். நம் நூல்களில் பயிற்சி 2.3 என்றால் அதிலுள்ள எல்லாக் கணக்கும் ஒரே வகை. முதல் கணக்கைப் போட்டுவிட்டால் மீதியைக் கை மட்டுமே போட்டு முடித்துவிடும். இது எந்த வகைக் கணக்கு என்று முடிவெடுக்கும் வேலையைப் புத்தகமே செய்து கொடுத்துவிடுகிறது. தேர்வில் அந்த வேலையைச் செய்ய யாரும் வரமாட்டார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் ஏழாம் வகுப்புகள் 54-இல் டக் ரோரரும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனை 2020-இல் வெளியானது. ஒரே கணக்குகளையே ஒரு பிரிவினர் வகை வகையாகவும் மற்றவர்கள் கலந்தும் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து முன்னறிவிப்பின்றி வைத்த தேர்வில் கலந்து பயின்றவர்கள் 61 விழுக்காடும் வகை வகையாகப் பயின்றவர்கள் 38 விழுக்காடும் எடுத்தார்கள். கலந்து செய்யும்போது கடினமாக இருக்கும், அன்றன்றைக்குத் தவறும் கூடும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பின்னோக்கிப் போவது போலத் தோன்றும். அந்த வாரங்களைத் தாண்டுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

என் வகுப்பில் ஒரு மாலைக்கான கணக்குகள் கரும்பலகையில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 403-இலிருந்து 158 போனால் எவ்வளவு; 84-ஐ இரண்டு எண்களின் பெருக்கலாக எத்தனை விதத்தில் எழுதலாம்; 2/3 + 1/6; −6 + 2; 200-இல் எட்டில் மூன்று பங்கு; 3ம − 4 = 17; 6-இல் எத்தனை அரை இருக்கிறது. ஏழெட்டு கணக்குதான். ஒன்றுகூட முந்தியதைப் போல இருக்காது. தவறு விட்ட வகை மறுநாள் ஒரு முறையும், அடுத்த வாரம் ஒரு முறையும் எண் மாறித் திரும்பி வரும். தவறு விட்டவருக்கு அது தெரியும் என்பதால் அந்த வகையை வீட்டில் பார்த்துக்கொண்டு வருவதும் உண்டு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்தத் திண்ணையில் பிள்ளைகளுக்கு நடுவே பெரியவர் ஒருவரும் சில மாதங்களாக உட்காருகிறார். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன்; அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் நான்கு தேர்வுக்குத் தயாராகிறார். அந்தத் தேர்வின் 200 கேள்விகளில் 25 திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. பத்தாம் வகுப்புத் தரம். அவரிடம் குறுக்குவழிகள் நிறைய இருந்தன, எல்லாம் யூடியூபில் சேர்த்தவை. தனிவட்டியில் 8 ஆண்டுகளில் தொகை இரட்டிப்பானால் வட்டி வீதம் என்ன என்றால், 100-ஐ 8-ஆல் வகுத்து 12½ என்று உடனே சொல்வார். 16 ஆண்டுகளில் மூன்று மடங்கானால் என்ன என்று கேட்டேன். குறுக்குவழி 300-ஐ வகுக்கவா 100-ஐ வகுக்கவா என்று தெரியாமல் நின்றார். அசல் 100 ரூபாய் என்று வையுங்கள், மூன்று மடங்கு 300, அதில் வட்டி மட்டும் எவ்வளவு என்றதும் 200 என்றார். 200-ஐ 16-ஆல் வகுத்தால் மறுபடியும் 12½ தான். “குறுக்குவழிய விட நேர்வழியே சீக்கிரமா இருக்கேம்மா” என்றார்.

பிள்ளைகளோடு சேர்ந்து பின்னம் போடுவதில் அவருக்கு முதலில் கூச்சம் இருந்தது. விழுக்காடும் பின்னமும் ஒன்றின் இரண்டு உருவங்கள் என்பது பிடிபட்ட பிறகு கூச்சம் போய்விட்டது. 12½ விழுக்காடு என்பது அரைக்கால், 37½ என்பது மூன்று அரைக்கால், 5 விழுக்காடு என்பது பழைய ஒரு மா. 640-இல் 37½ விழுக்காடு காண அவர் இப்போது எழுதுவதில்லை. அரைக்கால் 80, மூன்று அரைக்கால் 240.

வேகம் வரவில்லை என்பதுதான் அவருடைய இப்போதைய கவலை. அதையும் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். மூன்று மணி நேரம் என்பது 180 நிமிடம். 200 கேள்விகளுக்குச் சமமாகப் பிரித்தால் கேள்விக்கு 54 நொடி. அதற்குள் ஒரு வட்டிக் கணக்கைப் படித்து, போட்டு, சரிபார்க்க முடியாது என்று அவர் பயப்பட்டது நியாயமே. ஆனால் யார் சமமாகப் பிரிக்கச் சொன்னார்கள்? தமிழும் பொது அறிவும் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் உட்கார்ந்து யோசித்தும் பயனில்லை. 25 கணக்குகளுக்குக் கேள்விக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் 50 நிமிடம். மீதி 175 கேள்விகளுக்கு 130 நிமிடம் இருக்கிறது, அதாவது கேள்விக்கு முக்கால் நிமிடத்துக்குச் சற்றே குறைவு. இரண்டு நிமிடத்தில் ஒரு கணக்கைச் சரிபார்த்தலோடு முடிப்பது அவருக்கு இப்போதே வருகிறது. நாளை மாலை, கரும்பலகைக் கணக்குகளோடு அவருக்கென்று கூட்டுவட்டி ஒன்றையும் சேர்க்க வேண்டும்.